முழங்கால் போடாத வீடு

ஐந்து மாதம் எங்கள் வீட்டில் யாரும் முழங்கால் போட்டு ஜெபிக்கவில்லை. சபையில் இது பெரிய பேச்சாகிவிட்டது. "பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து ஜெபம் பண்றாங்களாம், டிவி பார்க்கற மாதிரி" என்று ஒருத்தி சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கே வந்தது. ஆமாம், உட்கார்ந்துதான் ஜெபித்தோம். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. ஆனால் ஏன் உட்கார்ந்தோம் என்று சொல்லத்தான் வேண்டும். அதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது.

நாங்கள் மூன்று பேர். வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா. என் கணவருக்குக் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ஜனங்கள் மனு கொடுக்க வருகிற திங்கட்கிழமையில் அவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. நான் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். மலையைத் தேடி வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வெந்நீர் எப்போது வரும், ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று சொல்வது என் வேலை. எங்களுக்கு ஒரே பெண். இதெல்லாம் நடந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

சாயங்காலம் ஏழு மணிக்கு இவர் கடையை மூடிவிட்டு வந்ததும் குடும்ப ஜெபம். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, பிறகு மூன்று பேரும் கட்டில் ஓரமாக முழங்கால். இவர் கொஞ்சம் நீளமாக ஜெபிப்பார். என் பெண் நடுவில் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள், நானும் ஒரு கண்ணைத் திறந்து அவளை முறைப்பேன். அதுவும் ஜெபத்தில் சேர்த்திதான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், டியூஷனுக்குச் சைக்கிளில் போனவளை ஒரு குட்டியானை சரக்கு வண்டி உரசித் தள்ளியது. வலது தொடை எலும்பு, முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியது. முழங்கால்தான் மடங்கவில்லை. நீட்டிய கால் நீட்டியபடியே, மரக்கட்டை மாதிரி நின்றது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "எலும்பச் சேர்க்கறது என் வேலைம்மா, முடிச்சிட்டேன். மடக்கறது உங்க வேலை. டிசம்பர் முடியறதுக்குள்ள தொண்ணூறு டிகிரி வரணும். வரலன்னா உள்ள ஒட்டிக்கினு இருக்கறதப் பிரிச்சு விட மறுபடியும் ஆபரேஷன்தான்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள், "மறுபடியும்னா, அதே எடத்துலயா?"

"அதே எடத்துலதான்."

கொஞ்ச நேரம் தையல் போட்ட இடத்தைப் பாவாடைக்கு மேலேயே தடவிக்கொண்டு இருந்தாள். பிறகு, "விட மாட்டேன்" என்றாள். யாரை விடமாட்டாள் என்று நான் கேட்கவில்லை. டாக்டரையோ, கத்தியையோ, காலையோ, எல்லாம் சரிதான் என்று தோன்றியது.

பயிற்சி சொல்லிக் கொடுத்தது டவுனில் சின்ன கிளினிக் வைத்திருந்த ஒரு இளம்பெண். எங்களுக்கு அவர் பிசியோ மேடம். வாரத்தில் மூன்று நாள் அங்கே போவோம், மீதி நாட்களில் வீட்டில். ஒரு வழவழப்பான பலகை, அதன்மேல் முகத்துக்குப் போடுகிற பவுடர். குதிகாலைப் பலகையில் வைத்து மெல்ல மெல்லத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். கேட்க எளிது. இரண்டு இன்ச் இழுப்பதற்குள் அவள் உதடு வெளுத்துவிடும். முதல் நாள் நான் அவசரப்பட்டுக் காலைப் பிடித்து அழுத்தப் போனபோது பிசியோ மேடம் என் கையைத் தட்டிவிட்டார். "மெதுவாம்மா. முதல் நாளே அழுத்தாதீங்க. நாளைக்கும் இந்தக் கால் வேணும்."

பிசியோ மேடம் கோணம் அளக்க இரண்டு கை வைத்த ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வைத்திருந்தார். வீட்டில் அது இல்லை. என் பெண் தன் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்தாள். அதில் இரண்டு துடைப்பக் குச்சிகளை ஒரு குண்டூசியில் கோத்து அவளே ஒரு கருவி செய்துவிட்டாள். தினமும் சாயங்காலம் அளந்து, சபையில் கொடுத்த தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எண்ணை எழுதி வைப்பாள். முன்பக்கம் அன்றைய வசனம், பின்பக்கம் அன்றைய டிகிரி. முப்பது. முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. முப்பத்தைந்து.

இந்த நேரத்தில் ஊரே வைத்தியராகிவிட்டது. தெருமுனைக் கடையில் ஒரு அம்மா என்னை நிறுத்தி, "பொட்டப் புள்ளயாச்சே, காலு இப்படியே நின்னுட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று உச்சுக் கொட்டினாள். "அவ காலால நடக்கப் போறா, எவனையும் தூக்கிக்கினு நடக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா தன் கையிலிருந்து சக்தி பாய்ச்சுவதாகச் சொன்னார். எங்கள் ஊருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தங்களைக் குணப்படுத்திக்கொள்ள வருகிறார்கள், மீதிப் பேர் அடுத்தவரைக் குணப்படுத்த. நன்றி சொல்லி வெந்நீர் நேரத்தைச் சொன்னேன்.

உதவி என்றால் அது கீழ்வீட்டிலிருந்துதான் வந்தது. வீட்டுக்காரம்மா செங்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பெண் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து நிற்பார். ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலில் கொப்புளத்தோடு மாடி ஏறி வந்தார். "உங்க சாமி கோச்சிக்காதுன்னா சொல்றேன். பாப்பாவுக்காக நேத்து மலைய ஒரு சுத்து ஜாஸ்தியா சுத்திட்டு வந்தேன்." எங்கள் சாமி கோபித்துக்கொள்ளாது என்று சொல்லி அவர் காலுக்கு மருந்து போட்டு விட்டேன்.

எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்குழு ஒன்று உண்டு. அதை நடத்துகிற அக்கா கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நடந்த அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆஸ்பத்திரித் தரையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர் அவர். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு பேராக வீட்டுக்கு ஜெபிக்க வந்தார்கள். இவர் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள். பிறகு, "முழங்கால் போடுவோம்" என்றார் அக்கா. எல்லாரும் போட்டோம். என் பெண் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அன்று அவள் கணக்கு ஐம்பத்தைந்து டிகிரி.

ஜெபம் சூடு பிடித்தது. நடுவில் அக்கா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "நீயும் எறங்கி வாம்மா. விசுவாசத்தோட மடக்கு. ஆண்டவர் பார்த்துக்குவார்."

அவள் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் மனதுக்குள் பல தடவை திரும்பவும் பார்த்திருக்கிறேன். 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம். ஆறு பேர் என் வீட்டில் முழங்காலில் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றால் எனக்கு விசுவாசம் கம்மி என்று ஆகிவிடும். தெருமுனைக் கடையில் அவ்வளவு வாய் பேசினவள், ஆறு பேருக்குப் பயந்து, கண்ணாலேயே, 'கொஞ்சம் முயற்சி பண்ணேன்' என்று சொன்னேன். அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேர் அன்பாகத்தான் அவள் தோளில் கை வைத்தார்கள். அந்தக் கைகளின் கனம் முழுவதும் அந்த ஒரு முழங்காலில் இறங்கியது.

அவள் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரம்மா கரண்டியோடு மாடி ஏறி வந்துவிட்டார். முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது. நல்ல வேளையாக எலும்புக்கும் பிளேட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" இரண்டு வாரம் பயிற்சி நிறுத்தம். வீக்கம் வடிந்து மறுபடி அளந்தபோது முப்பத்தெட்டு. ஆகஸ்ட் முடிந்துவிட்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே எடுத்து ராத்திரி வீடு வந்து சேர்ந்ததும், தள்ளிப்போன ஏழு மணி ஜெபத்துக்கு இவர் கட்டில் ஓரமாக வந்து நின்றார். குனியவில்லை. இவர் அதிர்ந்து பேசாத மனிதர். கடையில் மனுதாரர் கத்தினால்கூட, "பக்கத்துக்கு ஒரு ரூபாங்க" என்று மட்டும் சொல்லுவார். மூலையில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்றில் உட்கார்ந்தார். இன்னொன்றை எனக்குக் காட்டினார்.

"இவ தானா முழங்கால் போடற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் போட வேணாம்" என்றார். பாட்டை ஆரம்பித்தார்.

நான் அழுதுகொண்டே பாடினேன். ஜெபம் முடிந்து இவர் எழுந்து போனதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தாண்டி உன்ன எறங்கச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்மா" என்றாள். "உன்னப் பார்த்துட்டுதானே எறங்கினேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கோணம் அளக்கிற குரலில் சொன்னாள்.

அதிலிருந்து எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. வேலைக்குப் போவதற்கு முன் ஒருமுறை பலகை, வந்ததும் ஒருமுறை. பவுடர் டப்பா பத்து நாளில் தீர்ந்துவிடும். கடைக்காரர், "வீட்ல எத்தன கொழந்தைங்கம்மா?" என்று கேட்டார். அழுத்துவதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் "போதும்" என்றால் போதும். வீட்டுக்கு யார் வந்தாலும் ஏழு மணிக்கு நாற்காலி போடப்படும். ஜெபக்குழுவிலிருந்து ஒருவர் வந்தபோது பழக்கத்தில் குனியப் போனார். "இந்த வீட்டுல உக்காந்துதாங்க" என்று நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளினேன். அவர் நாற்காலி நுனியில், பஸ்ஸில் பாதி இடம் கிடைத்தவர் மாதிரி உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போனார்.

புகார் போதகர் வரைக்கும் போனது. ஒரு சாயங்காலம் வந்தார். இவர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். போதகர் என் பெண்ணின் காலையும் அவளுடைய துடைப்பக்குச்சிக் கருவியையும் பார்த்தார். "இதுல எப்படிம்மா அளக்கறது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். தன் முழங்காலையும் அளந்து காட்டச் சொன்னார். பிறகு, "எனக்கும் ஒரு சேர் போடுங்க" என்றார். புகார் அத்தோடு நிற்கவில்லை என்றாலும் எனக்குப் போதுமாக இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் பத்து நாள் ஊர் எங்கள் கையில் இல்லை. பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், ஆட்டோ டவுனுக்குள் போகாது. கிளினிக்குக்குப் போக வழியே இல்லை. பிசியோ மேடம் போனிலேயே பயிற்சி சொன்னார். அறுபத்தொன்பதில் வந்து கால் பிடிவாதமாக நின்றது. நாலு நாள் அதே எண். தீபத்தன்று வீட்டுக்காரம்மா மொட்டை மாடியில் மலையைப் பார்த்து நின்றிருக்க, இவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்தாள். மேலே ஜோதி தெரிந்ததும் ஊர் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. இவளும் கத்தினாள். "எழுபது வந்தே தீரணும்!" என்று கத்தினாள். வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் எழுபத்திரண்டு வந்தது. அதற்கு யார் காரணம் என்று எங்கள் மாடியில் யாரும் சண்டை போடவில்லை.

தொண்ணூறு வந்தது டிசம்பர் மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. பரபரப்பு எதுவும் இல்லை. நான் தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து, "அம்மா, குச்சி வளைஞ்சிருக்கா பாரு" என்றாள். குச்சி வளையவில்லை. நான் நம்பாமல் மூன்று தடவை அளக்க வைத்தேன். மறுநாள் பிசியோ மேடம் தன் ஸ்கேலில் அளந்து, "தொண்ணூத்தி ரெண்டு. உன் குச்சி கஞ்சத்தனம் பண்ணுது பாப்பா" என்றார். டாக்டர் பார்த்தார், மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். சீட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு, "ஆபரேஷன் வேணாம்" என்றார். நான் அவருடைய அறையிலேயே சத்தமாக அழுதேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் கெட்ட செய்தி என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். நோயிலிருந்து யாராவது எழுந்து வந்தால் ஒரு ஞாயிறு ஆராதனையில் குடும்பமாக முன்னால் போக வேண்டும். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைக் கொடுத்துவிட்டுப் பீடத்தின் முன் முழங்கால் போட, போதகர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். புது வருஷத்தின் முதல் ஞாயிறு எங்கள் முறை. ஜெபக்குழு அக்கா முன்வரிசையில் இருந்தார். என் பெண் முழங்கால் போடுகிற காட்சியைப் பார்த்ததும் சாட்சி சொல்லப் போகிறார் என்று எனக்கு முன்பே தகவல் வந்திருந்தது. ஆகஸ்டில் விதைத்த ஜெபம், ஜனவரியில் அறுவடை என்று.

அவளுக்கு முடியும். கட்டிலுக்கடியில் போன பேனாவை எடுக்க முந்தின நாள் அவள் முழங்காலில் இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நடந்தாள். கைத்தடி இல்லை, லேசான சாய்வு மட்டும். பீடத்துக்கு முன் மூன்று பேரும் போய் நின்றோம். அவள் நின்றாள். நின்றபடியே இருந்தாள்.

முன்வரிசையிலிருந்து அக்கா மெல்லச் சொன்னார், "முழங்கால் போடும்மா. எல்லாரும் பார்க்கட்டும்."

"போடல ஆன்ட்டி" என்றாள்.

"இன்னும் வலிக்குதா?"

"வலிக்கல. எனக்கு முடியும். இங்க போட மாட்டேன்."

மைக் இல்லாமலே அது கடைசி பெஞ்சு வரை கேட்டது. அவள் இந்தத் தடவை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். இவரும் நின்றார். போதகர் எங்களை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பீடத்தின் படியிலிருந்து இறங்கி எங்களுக்கு எதிரே வந்து நின்று, அவள் தலையில் கை வைத்தார். சாட்சியை யாரும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "பிள்ளைக்கு இவ்ளோ பெருமை ஆகாது" என்றார்.

"பெருமைதான் அக்கா. எனக்கும் இருக்கு" என்றேன். "அன்னைக்கு அவள எறக்கினதுல உங்களுக்கும் பங்கு இருக்கு, எனக்கும் பங்கு இருக்கு. அவ தானா எழுந்ததுல நம்ம ரெண்டு பேரு பேச்சும் வேணாம்." அந்த வாரம் அவர் பேசவில்லை, அடுத்த வாரம் கேக் கொண்டுவந்தார்.

அந்த ஞாயிறு சாயங்காலம் ஏழு மணி. இவர் வழக்கம்போல் மூன்று நாற்காலிகளையும் போட்டார். பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. அவள் எழுந்து தன் நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். கட்டில் விளிம்பைப் பிடித்தாள். முதலில் இடது கால். பிறகு வலது, அங்குலம் அங்குலமாக. தரையைத் தொட்டதும் மூச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் உக்காந்தே இருக்கப் போறீங்களா?"

இவர் அவசரமாக இறங்கினார். ஐந்து மாதம் தரையைத் தொடாத முழங்கால் இரண்டும் படபடவென்று சத்தம் போட்டன. முகத்தைச் சுளித்தார்.

"மெதுவாப்பா" என்றாள். "முதல் நாளே அழுத்தாத. நாளைக்கும் அந்தக் கால் வேணும்."

நான் இன்னும் நாற்காலியில்தான் இருந்தேன். எழ முடியவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு முடியலன்னா உக்காந்துக்கோ. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஆகஸ்டில், அந்த ஆறு பேர் முன்னால், நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். நான் இறங்கி அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.